சந்தாவும் கட்டி டியூட்டியும் பார்க்க வேண்டுமா? கடலோரப் பாய்மரப் படகு கிளப்பில் சேர நினைப்பவருக்கு

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கடலோரத்தில் உள்ள ஒரு பாய்மரப் படகு கிளப்பில் சேர எண்ணம். சொந்தப் படகு கிடையாது, ஓட்டவும் தெரியாது. போய்ப் பார்த்தபோது பாதிப் பேர் கரையிலும் மோட்டார் படகிலும் ஏதோ வேலையாக இருந்தார்கள். உறுப்பினர் எல்லோரும் வருடத்துக்குச் சில நாள் டியூட்டி பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள். காசையும் கொடுத்து உழைப்பையும் கொடுத்தால் எனக்கு என்ன கிடைக்கும்? கேட்டவரின் உள்ளூரக் கவலை வேறு என்று தோன்றுகிறது: படகே இல்லாத ஆளுக்கு அந்தக் கூட்டத்தில் இடம் இருக்கிறதா என்பது. இருக்கிறது. அந்த இடத்துக்குப் போகும் வழியும் நீங்கள் சலித்துக்கொள்ளும் அந்த டியூட்டிதான்.

முதலில் ஆள் கணக்கு. இருபது சிறு படகுகள் ஒரு பந்தயம் ஓட வேண்டுமென்றால் பந்தயத்தை நடத்தும் கமிட்டி படகில் மூன்று பேர் வேண்டும்: பந்தய அதிகாரி, கொடி ஏற்றுபவர், நேரம் குறிப்பவர். பத்துப் படகுக்கு ஒரு சேஃப்டி போட், அதாவது கவிழ்ந்தவரைக் காக்கும் மோட்டார் படகு, என்பது பல கிளப்புகள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. சட்டமெல்லாம் இல்லை, பயிற்சி வகுப்பில் இன்னும் நெருக்கமாக வைப்பார்கள். ஆக இரண்டு சேஃப்டி போட், ஒவ்வொன்றிலும் ஓட்ட ஒருவர், ஆளைத் தூக்க ஒருவர். கரையில் யார் கடலுக்குப் போனார், யார் திரும்பினார் என்று பட்டியல் வைக்க ஒருவர். மொத்தம் எட்டு. சுறுசுறுப்பான உறுப்பினர் அறுபது பேர் என்றால், ஏழெட்டுப் பந்தய நாளுக்கு ஒருமுறை உங்கள் முறை வரும். இந்த எட்டுப் பேரையும் சம்பளத்துக்கு வைத்தால் சந்தா எங்கே போகும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள். கமோடோர் என்று தொப்பி வைத்த தலைவர் இல்லாமல்கூட ஒரு கிளப் ஒரு பருவம் ஓடிவிடும். இந்த எட்டுப் பேர் இல்லாமல் ஒரு சனிக்கிழமைகூட ஓடாது.

ஏரிக் கிளப்புக்கும் கடல் கிளப்புக்கும் உள்ள பெரிய வித்தியாசம் நாட்காட்டியில் தெரியும். கடலில் நேரத்தை முடிவு செய்வது ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி வற்றுவது. நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும் கரைகளில் உயர் ஓதம் நாள்தோறும் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் அது 350 நிமிடம், கிட்டத்தட்ட 6 மணி நேரம். இந்தச் சனிக்கிழமை காலை 10 மணிக்கு படகை இறக்கும் சரிவுத்தளமான ஸ்லிப்வேயின் மேல்விளிம்பு வரை தண்ணீர் நின்றிருந்தால், அடுத்த சனி அதே 10 மணிக்குச் சேறுதான் தெரியும். தண்ணீர் ஏற மாலை 4 ஆகிவிடும். அதற்கடுத்த சனி மறுபடி காலை 9:15 வாக்கில் வந்து நிற்கும். 'இந்த கிளப்பில் எதுவும் ஒழுங்கான நேரத்துக்கு நடப்பதில்லை' என்று புதியவர்கள் முனகுவதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தக் கணக்குதான். ஓத அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பருவத்தின் அட்டவணை முழுவதும் புரிந்துவிடும். நாளுக்கு ஒரே முறை ஏறும் கரைகளுக்கும், ஓத வித்தியாசம் அரை மீட்டர்கூட இல்லாத கரைகளுக்கும் இது பொருந்தாது.

ஓதம் நேரத்தோடு நின்றுவிடுவதில்லை, நீரோட்டத்தையும் கொண்டுவரும். ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் 1, பிறகு 2, 3, 3, 2, கடைசி மணியில் 1 என்று தண்ணீர் நகரும் என்பது பழைய கைக்கணக்கு. நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதித் தண்ணீர் நகர்ந்துவிடுகிறது. நீரோட்டமும் அப்போதுதான் முறுக்கேறி இருக்கும். காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் எதிர்ப்பக்கமும் போனால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். அதே வேகக் காற்றில் ஒரு மணி நேரம் முன்பு சாதுவாக இருந்த இடம் புதியவரைக் கவிழ்க்கும் இடமாகிவிடும். கைக்கணக்கு தோராயம்தான். முகத்துவாரமும் மணல்திட்டும் உள்ள இடங்களில் அது நன்றாகவே பிசகும். அங்கே பழைய உறுப்பினரின் வாய்மொழிதான் அட்டவணையைவிட நம்பகம்.

இனி டியூட்டி. கமிட்டி படகில் உங்களை உட்கார வைத்தால் அதைத் தண்டனை என்று நினைக்காதீர்கள். பந்தயத்தைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இருக்கை கிடையாது. பந்தயம் தொடங்குவது 5, 4, 1, 0 என்ற வரிசையில். 5 நிமிடத்துக்கு அந்த வகைப் படகின் கொடி ஏறும், ஒரு ஒலி. 4 நிமிடத்துக்கு ஆயத்தக் கொடி ஏறும், ஒரு ஒலி. 1 நிமிடத்துக்கு ஆயத்தக் கொடி இறங்கும், ஒரு நீண்ட ஒலி. பூஜ்யத்தில் வகைக் கொடி இறங்கும், ஒரு ஒலி; பந்தயம் ஆரம்பம். நேரம் கொடியிலிருந்துதான் கணக்கு. ஹாரன் ஊதாமல் போனாலும் கொடி இறங்கிவிட்டால் தொடங்கியதுதான். புதியவர் கொடிப் பொறுப்பில் செய்யும் வழக்கமான தப்பு இங்கேதான்: ஹாரன் சத்தம் கேட்ட பிறகு கயிற்றை இழுப்பது. நேரம் குறிப்பவர் 'ஐந்து, நான்கு, மூன்று' என்று உரக்க எண்ண, பூஜ்யத்தில் கொடி அசைந்திருக்க வேண்டும். கயிறு சிக்கியிருக்கிறதா என்று கடைசி நிமிடத்துக்கு முன்பே ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

கமிட்டி படகிலிருந்து ஒரு மிதவை வரை பாவிக்கும் தொடக்கக் கோட்டின் நீளம் எல்லாப் படகுகளின் மொத்த நீளத்தைப் போல ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு இருப்பது வழக்கம். 4.2 மீட்டர் படகுகள் இருபது என்றால் 84 மீட்டர். கோடு 105 முதல் 126 மீட்டர் வரை. கோடு காற்றுக்குக் குறுக்காக, ஏறக்குறைய செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்துவிட்டால் இருபது படகும் ஒரே முனையில் போய் முட்டும். கடலில் இதில் ஒரு பொறி உண்டு. நங்கூரமிட்ட கமிட்டி படகு காற்றைப் பார்த்து நிற்காது. நீரோட்டம் பலமாக இருந்தால் அதைப் பார்த்துத்தான் நிற்கும். படகின் மூக்கை வைத்துக் காற்றுத் திசையைக் கணித்தால் கோடு கோணலாகத்தான் விழும். கம்பத்து உச்சியில் ஆடும் கொடியைப் பார்த்து, கைத் திசைகாட்டியில் அளந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதி வைப்பார்கள். அந்தத் தாளை நிரப்பும் வேலை உங்களுக்கு வந்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள். காற்று எத்தனை பாகை எந்தப் பக்கம் ஆடுகிறது, அதைக் கவனித்தவர் யார், கவனிக்காமல் பின்தங்கியவர் யார் என்பது ஒரே பிற்பகலில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நீரோட்டம் காற்றை எதிர்த்து ஓடும் நாளில் படகுகளெல்லாம் கோட்டுக்கு மேலே தள்ளப்படும். ஒன்றிரண்டு முந்தினால் எக்ஸ் கொடியும் ஒரு ஒலியும். அவை மட்டும் திரும்பி வந்து தொடங்க வேண்டும். கும்பலாக முந்தி, யார் யார் என்று தெரியாவிட்டால் முதல் துணைக்கொடியும் இரண்டு ஒலியும். எல்லோரும் மறுபடி தொடங்க வேண்டும். இரண்டு முறை அப்படி நடந்தால் பொறுமையிழந்த அதிகாரி ஆயத்தக் கொடியைக் கடுமையானதாக மாற்றுவார். யு கொடி ஏறியிருந்தால் கடைசி ஒரு நிமிடத்தில் கோட்டுக்கும் முதல் மிதவைக்கும் இடைப்பட்ட முக்கோணத்துக்குள் இருந்தவருக்குத் தகுதி நீக்கம். மறுதொடக்கம் வந்தால் பிழைப்பார். கறுப்புக் கொடியில் அந்தச் சலுகையும் கிடையாது. இந்த விதிகள் வேர்ல்ட் செயிலிங் அமைப்பு நான்காண்டுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடும் பந்தய விதிகளில் இருக்கின்றன. இப்போது நடப்பில் இருப்பது 2025 முதல் 2028 வரையிலான பதிப்பு. கிளப் தன் பந்தய அறிவிப்பில் சிலவற்றை மாற்றிக்கொள்ளலாம், ஆகையால் கரையில் ஒட்டியிருக்கும் தாளைப் படிக்காமல் போகாதீர்கள்.

சேஃப்டி போட் வேறு ரகம். அங்கே பார்வையாளராக இருக்க முடியாது. ஓட்டுநரின் தொடையில் மாட்டும் நிறுத்துக்கயிறு மாட்டாமல் இன்ஜினைத் தொடக் கூடாது. ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டால் இன்ஜின் அந்த நொடியே அணைய வேண்டும் என்பதற்காகத்தான் அது. மாற்று நிறுத்துக்கயிறு ஒன்று படகிலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் விழுந்தவரோடு கயிறும் போய், மிச்சமிருப்பவரால் இன்ஜினைக் கிளப்ப முடியாது. கூடவே கத்தி, இழுகயிறு, நங்கூரம், முதலுதவிப் பெட்டி, போர்வை, விஎச்எஃப் ரேடியோ. ரேடியோவில் 16ஆம் சானல் ஆபத்து அழைப்புக்கானது; 'டீ வைத்தாச்சா' என்று கேட்பதற்கு கிளப்பின் தனிச் சானல் இருக்கும்.

கவிழ்ந்த படகை நெருங்கினால் முதல் வேலை தலை எண்ணுவது. இரண்டு பேர் ஓட்டும் படகென்றால் இரண்டு தலை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் படகை நிமிர்த்துவது பற்றிப் பேச்சே இல்லை. ஒருவர் பாய்க்கு அடியிலோ கயிற்றிலோ மாட்டியிருக்கலாம். இருவரும் நலம் என்று தெரிந்தால், பல நேரம் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதே சரியான உதவி, அவர்களே நிமிர்த்திவிடுவார்கள். முடியாமல் திணறினால் பாய்மரத்தின் உச்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது முழுதாகத் தலைகீழாகப் போகாமல் நிற்கும். பிறகு பாய்மரத்திலிருந்து படகின் முன்முனைக்கு வரும் கம்பியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து வந்தால் பாய் எழும். பாயை இழுத்துக் கட்டும் கயிறுகள் அவிழ்ந்திருக்க வேண்டும். கட்டியிருந்தால் நிமிர்ந்த அடுத்த நொடி காற்றை வாங்கி மறுபக்கம் கவிழும். நீரில் ஆள் பக்கத்தில் வந்ததும் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். நியூட்ரலில் வைத்தால் போதும் என்று நினைப்பது தப்பு. குளிரில் நடுங்கும் ஆளைத் தூக்கிக்கொண்டு படகை அங்கேயே விட நேர்ந்தால், ஆட்களை எடுத்தாகிவிட்டது என்பதற்கு அடையாளமாக ஒரு நிற நாடாவைக் கட்டிவிட்டுப் போவார்கள். இல்லையென்றால் அடுத்து வரும் சேஃப்டி போட் இல்லாத ஆளைத் தேடிக்கொண்டிருக்கும். கவிழ்ந்தவருக்கான விதி ஒன்றே ஒன்று: கரை எவ்வளவு பக்கமாகத் தெரிந்தாலும் படகை விட்டு நீந்தாதே. கவிழ்ந்த படகு மேலேயே மிதக்கும், தூரத்திலிருந்தும் தெரியும். நீந்தும் தலை அலைக்குள் தெரியாது.

பந்தயம் முடிந்து கரையேறியதும் சண்டை தொடங்கும் இடம் ஹேண்டிகேப் கணக்கு, அதாவது வேகமான படகையும் மந்தமான படகையும் ஒன்றாக ஓடவிட்டுச் சமன் செய்யும் எண். பரவலாகப் புழங்கும் போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக் முறையில் எடுத்த நேரத்தை 1000 ஆல் பெருக்கிப் படகின் எண்ணால் வகுக்க வேண்டும். 1000 எண் கொண்ட படகு 60 நிமிடம், அதாவது 3,600 நொடி எடுத்தால் திருத்திய நேரமும் 3,600தான். 1200 எண் கொண்ட மந்தமான படகு 70 நிமிடம், அதாவது 4,200 நொடி எடுத்தாலும் திருத்திய நேரம் 3,500. பத்து நிமிடம் பிந்தி வந்தவர் நூறு நொடியில் ஜெயிக்கிறார். கணக்கு திட்டவட்டம். எண்ணோ மதிப்பீடு, அதுவும் பல கிளப்புகளின் முடிவுகளைத் திரட்டிப் போட்டது. நீரோட்டம் அதைக் குலைக்கும். 5 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் ஓடும் படகும் 4 நாட் படகும் 2 நாட் எதிர் நீரோட்டத்தில் போனால் தரையளவில் 3 நாட், 2 நாட் என்று ஆகிவிடும். ஒன்றேகால் மடங்காக இருந்த வித்தியாசம் ஒன்றரை மடங்காகிறது. மந்தமான படகுக்காரர் 'எண் அநியாயம்' என்று சொன்னால் அன்றைக்கு அவர் சொல்வதில் உண்மை இருக்கலாம். காற்று நன்றாக இருந்த நாளிலும் அதையே சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

தொடரில் முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2 என்று புள்ளி. குறைந்த மொத்தம் ஜெயிக்கும், மோசமான ஒரு பந்தயத்தை வழக்கமாகத் தள்ளிவிடலாம். இடித்துக்கொண்டால் சத்தமாக 'புரோட்டெஸ்ட்' என்று சொல்ல வேண்டும். 6 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகு சிவப்புக் கொடியும் காட்ட வேண்டும். தப்பு செய்தவர் உடனே விலகி இரண்டு சுற்றுச் சுற்றினால் முடிந்தது, மிதவையைத் தொட்டதற்கு ஒரு சுற்று. காற்றை இடப்பக்கம் வாங்கி வரும் படகு, வலப்பக்கம் வாங்கி வரும் படகுக்கு வழிவிட வேண்டும் என்ற ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதிச் சண்டை புரியும்.

கரை வேலை யாரும் புகைப்படம் எடுக்காத பகுதி, ஆனால் கிளப்பின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. உப்பு காயும் முன் நன்னீரில் கழுவ வேண்டும்: கப்பிகள், கயிறுகள், ஷாக்கிள் என்ற இணைப்பு வளையம், லைஃப் ஜாக்கெட்டின் ஜிப். அலுமினியப் பாய்மரத்தில் துருப்பிடிக்காத எஃகு ஆணி அடித்த இடங்களைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்தால் அங்கே அலுமினியம் அரிபடுகிறது என்று பொருள். அதைக் கவனித்துச் சொல்பவருக்கு உடனே மரியாதை கிடைக்கும். அவுட்போர்டு மோட்டாருக்குள் நன்னீரை ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். படகின் அடி வடிகால் மூடியைக் கரையில் திறந்து வைக்க வேண்டும், மறுநாள் இறக்கும்போது மூட வேண்டும். மூட மறந்து பாதி வழியில் படகு கனப்பது எல்லா கிளப்பிலும் வாரம் ஒருவருக்கு நடக்கும். சாலையில் இழுத்து வந்த டிரெய்லரை அப்படியே கடலில் இறக்காதீர்கள். ஓடிச் சூடான பேரிங் குளிர்ந்த நீரில் சட்டென்று சுருங்கி உப்புநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். படகைக் கையால் தள்ளும் டிராலி அதற்காகத்தான் தனியாக இருக்கிறது. பாய்மரம் நிமிர்ந்த படகைத் தள்ளும்போது தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்ப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பருவத் தொடக்கத்தில் மிதவைச் சங்கிலிகளைத் தூக்கிப் பார்க்கும் நாள் ஒன்று வரும். சங்கிலி சீராகத் தேயாது. ஒவ்வொரு ஓதத்துக்கும் எழுந்து விழுந்து கடற்தரையில் உரசும் அந்த ஒன்றிரண்டு மீட்டர்தான் மெலிந்து போயிருக்கும், மேலும் கீழும் புதுசாகவே தெரியும். ஷாக்கிளின் ஊசி கழன்றுவிடாமல் கம்பியால் கட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பட்டையால் கட்டியிருந்தால் வெயிலில் நொறுங்கியிருக்கும்.

படகில் இருக்கை கிடைப்பது எப்படி? இரண்டு பேர் ஓட்டும் படகு வைத்திருப்பவர்களுக்கு முன்னிருக்கை ஆள் எப்போதும் தட்டுப்பாடு. தண்ணீரில் இறங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், பெயரைப் பலகையில் எழுதி, உங்கள் எடையை மறைக்காமல் சொல்லுங்கள். அவர்களுக்கு அது முக்கியமான தகவல், கூச்சப்பட ஒன்றுமில்லை. காற்று குறைந்த நாளுக்கு மெலிந்த ஆள் வேண்டும், பலத்த நாளுக்குக் கனத்த ஆள் வேண்டும். வானம் மோசமாக இருக்கும் நாளிலும் வருபவர் என்று பெயர் எடுத்தால் இருக்கை உங்களைத் தேடி வரும். தனி ஆள் ஓட்டும் கிளப் படகுகளும் இருக்கும். ஐஎல்சிஏ என்று இப்போது அழைக்கப்படும் பழைய லேசர் படகில் ஒரே உடலுக்கு 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர் என்று மூன்று அளவுப் பாய் மாட்டலாம். எடை குறைந்தவரும் பழகுபவரும் சின்னதில் தொடங்கலாம். 15 வயது வரையிலான குழந்தைகளுக்கு ஆப்டிமிஸ்ட், 1947இல் கிளார்க் மில்ஸ் வடிவமைத்த பெட்டி போன்ற குட்டிப் படகு. அதில் குழந்தையைச் சேர்த்துவிட்டுக் கரையில் நிற்கும் பெற்றோர் பலர்தான் பிறகு சேஃப்டி போட் ஓட்டுநர்கள் ஆகிறார்கள்.

எது வரை பாதுகாப்பு என்று எண்ணில் சொல்லக் கேட்பீர்கள். ஒரே எண் கிடையாது. காற்றின் பலத்தைக் குறிக்கும் பொஃபோர்ட் அளவில் 4, அதாவது 11 முதல் 16 நாட் காற்று, பழகியவருக்கு விருந்து, புதியவருக்கு எல்லை. ஆனால் காற்றின் வேகத்தைவிடத் திசைதான் ஏமாற்றும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் கரையோரம் குளம்போல அசையாமல் இருக்கும். அரை கிலோமீட்டர் போனதும் அலை எழும், திரும்பி வருவது முழுக்க எதிர்க்காற்று. அந்த நாளில் கிளப் பந்தயத்தை ரத்து செய்தால் 'கடல் இவ்வளவு அமைதியாக இருக்கிறதே' என்று வாதாடாதீர்கள். மோட்டார் படகு ஓட்ட உரிமம் வேண்டுமா, ரேடியோவுக்குச் சான்று வேண்டுமா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அதை அந்தந்த இடத்தில்தான் கேட்டறிய வேண்டும்.

சந்தா கட்டும் முன் நான்கு விஷயம் கேளுங்கள். டியூட்டிப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். அதே ஆறு பெயர் திரும்பத் திரும்ப வந்தால் மற்றவர்கள் நழுவுகிறார்கள், அந்த ஆறு பேரும் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். டியூட்டிக்கு முன் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். பயிற்சியில்லாத ஆளை சேஃப்டி போட்டில் ஏற்றும் கிளப்பை நான் தவிர்ப்பேன். கிளப் படகுகளைப் பந்தயமில்லாத நாளில் எடுக்கலாமா, அப்போது கரையில் யார் இருப்பார்கள், மூன்றாம் நபர் காப்பீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். கடைசியாக, அடுத்த பந்தய நாளில் கமிட்டி படகில் நேரம் குறிக்கும் இடம் காலியாக இருக்கிறதா என்று விசாரியுங்கள். உறுப்பினர் ஆகாதவரையும் அதில் ஏற்றிக்கொள்ளும் கிளப்புகள் நிறைய. லைஃப் ஜாக்கெட்டும் தொப்பியும் ஈரத்தில் எழுதக்கூடிய பென்சிலும் எடுத்துப் போங்கள்.